திருத்திய மென்பொருளும் திருந்தாத வட்டும்

“பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், திருத்தத்தையும் வெளியிட்டுவிட்டார்கள், இனிக் கவலையில்லை.” சேமிப்பு மென்பொருள் ஒன்றில் கோளாறு நேர்ந்தது என்னும் செய்தி பரவும்போதெல்லாம், அடுத்த சில நாள்களில் இம்மூன்று கூற்றுகளும் சேர்ந்தே வருகின்றன. முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மூன்றாவது, அவ்விரண்டின் தோள்மேல் ஏறிக்கொண்டு வரும் பொய்.

அச்சுக்கூடத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. அச்சுக் கோப்பில் தவறான எழுத்து ஒன்று புகுந்துவிட்டது, ஐந்நூறு படிகள் அச்சான பின்னரே மெய்ப்புப் பார்ப்பவர் அதனைக் கண்டார், எழுத்தை மாற்றினார். இனி அச்சாகும் படிகள் செம்மையாக வரும். ஆனால், முன்னரே அச்சாகிக் கட்டப்பட்ட ஐந்நூறு படிகளில் பிழை அப்படியே இருக்கும். எழுத்தை மாற்றிய கை அந்தப் படிகளைத் தொடவே இல்லை. சேமிப்பு மென்பொருளின் நிலையும் இதுதான். இருபது நாள் தவறாக எழுதிய மென்பொருள் இருபத்தோராம் நாள் திருத்தப்பட்டால், அன்று முதல் அது சரியாக எழுதும். அவ்விருபது நாள்களில் வட்டில் எழுதப்பட்டவை எவ்வாறு இருக்கின்றன என்பதைத் திருத்தம் சொல்லாது. வட்டைத் திறந்து பார்த்தவரே சொல்ல முடியும்.

இவ்வாறு பார்க்கும் கடமையைப் பலரும் தட்டிக்கழிக்கின்றனர். பள்ளி ஆவணங்களையும் மாணவர் ஆய்வேடுகளையும் சங்கங்களின் பழைய மலர்களையும் கணினியில் ஏற்றி வைத்துவிட்டு, ஏற்றியதே காத்தது ஆகும் என்று இருந்துவிடுகின்றனர். அந்த மனப்போக்கு மறுக்கத்தக்கது.

பதிவேடும் நூலும்

வட்டில் இருப்பவை இருவகை. ஒன்று, எழுதி வைத்த கட்டுரை, படம், ஒலிப்பதிவு முதலிய உள்ளடக்கம். மற்றொன்று, அவ்வுள்ளடக்கத்தைப் பற்றிய குறிப்பு. கோப்பின் பெயர் என்ன, அளவு எவ்வளவு, எப்போது எழுதப்பட்டது, வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் அது கிடக்கிறது, எந்தக் கட்டங்கள் இன்னும் வெற்றிடமாக உள்ளன என்னும் விவரங்கள் யாவும் இக்குறிப்பில் அடங்கும். தரவைப் பற்றிய தரவாகிய இதனை மீத்தரவு என்பர். வட்டின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய மீத்தரவைத் தன்னிடத்திலேயே வைத்திருக்கிறது.

நூலகத்தின் பதிவேட்டையும் அட்டைப் பட்டியலையும் இதற்கு ஒப்பிடலாம். அட்டை தொலைந்தால் நூல் அடுக்கில் இருந்தும் இல்லாதது போலாகும். ஆனால், நூலகத்தில் இல்லாத ஓர் அபாயம் வட்டில் உண்டு. நூல் நிற்கும் இடத்தை ‘வெற்றிடம்’ என்று பதிவேடு தவறாகக் கூறினாலும், புது நூலோடு வரும் நூலகர் அங்கே பழைய நூல் நிற்பதைக் கண்ணால் கண்டு நின்றுவிடுவார். கணினிக்கு அந்தக் கண் இல்லை. கட்டம் காலி என்று மீத்தரவு சொன்னால், அங்கே இருப்பதைப் பாராமல் அதன்மேலேயே எழுதிவிடும். பதிவேட்டின் பிழை அவ்வாறு நூலையே அழிக்கும் பிழையாகிறது.

ஆகவேதான் சேமிப்பு மென்பொருளில் கோளாறு என்று அறிந்தவுடன் முதலில் மீத்தரவைச் சோதிக்க வேண்டும் என்கின்றனர் துறையறிந்தோர். அதற்குரிய கருவிகள் ஒவ்வொரு கணினியிலும் உள்ளன. லினக்சில் எஃப்.எஸ்.செக், விண்டோசில் செக்டிஸ்க், ஆப்பிள் கணினியில் முதலுதவி எனப் பெயர்கள் வேறுபடினும் பணி ஏறத்தாழ ஒன்றே. ஆனால், அக்கருவி ‘குறையில்லை’ என்று கூறும்போது அது எதைப் பற்றிக் கூறுகிறது என்பதை அறியாமல் மகிழ்வது பேதைமை.

இரு நிகழ்ச்சிகள்

2018ஆம் ஆண்டு அக்டோபரில் லினக்சின் 4.19ஆம் பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதத்தில், பலருடைய கணினிகளில் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை சிதைந்திருப்பது தெரியவந்தது. பழி முதலில் அக்கோப்பு முறைமையின் மேலேயே விழுந்தது. உண்மையில் குற்றம் அதனுடையதன்று. எழுதும் பணிகளை வரிசைப்படுத்தி வட்டுக்கு அனுப்பும் வேறொரு பகுதியில் இருந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் அது திருத்தப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் தீங்கைக் காட்டிக்கொடுத்தது மீத்தரவே. எக்ஸ்ட்4 தன் பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு உடன் எழுதி வைக்க வல்லது. பின்னர்ப் படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒவ்வாவிடில் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தமையால் பலர் விழித்துக்கொண்டனர். எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. எக்ஸ்ட்4 இந்தக் காவலை மீத்தரவுக்கு மட்டுமே அளிக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்துக்கு அளிப்பதில்லை. சோதனைக் கருவி ‘தூய்மை’ என்று அறிவித்தால், பதிவேடு ஒழுங்காக உள்ளது என்பதே பொருள். பதிவேடு சுட்டும் நூலினுள் ஏடுகள் ஒழுங்காக உள்ளன என்று அது எப்போதும் உறுதி கூறியதில்லை. கூறாத உறுதியைக் கூறியதாகக் கொள்வது கருவியின் குற்றமன்று.

சரி, உள்ளடக்கத்துக்கும் காவல் வைத்த முறைமை இருப்பின் அச்சம் நீங்குமா? 2023ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதற்கும் விடையளித்துவிட்டது. இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கியது. உள்ளடக்கம், மீத்தரவு ஆகிய இரண்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிபார்ப்புத் தொகை எழுதி, அத்தொகையைத் தனக்கு மேலுள்ள கட்டத்தில் வைத்துக் காக்கும் சிறப்பு அதற்கு உண்டு. தரவைப் பேணுவோரிடையே அதற்குப் பெருமதிப்பு. 2023 அக்டோபரில் ஓப்பன் இசட்.எஃப்.எஸ். 2.2.0 வெளியாயிற்று. நவம்பரில், நகலெடுத்த சில கோப்புகளின் இடையிடையே எழுத்துகளுக்கு மாறாக வெறும் சுழியங்கள் நிரம்பியிருப்பதைப் பயனர்கள் கண்டனர். புதிதாகச் சேர்க்கப்பட்ட கட்ட நகல் வசதியே காரணம் என்று முதலில் கருதி, 2.2.1ஆம் பதிப்பில் அதனை நிறுத்தி வைத்தனர். நிறுத்திய பின்னும் கோளாறு தோன்றியது. பழைய பதிப்புகளிலும் அதே வழு பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்தது பின்னரே புலப்பட்டது. நவம்பர் 30ஆம் நாள் 2.2.2, 2.1.14 ஆகிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது.

அவ்வழுவின் இயல்பு யாது? இப்போதுதான் எழுதப்பட்டு இன்னும் வட்டை அடையாத ஒரு பகுதியை, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய ஓர் இடைவெளியில், ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று முறைமை தவறாகச் சொல்லிவிடும். அந்நேரம் பார்த்து நகலெடுக்கும் நிரல் வந்து கேட்டால், ஒன்றுமில்லாத இடத்தைப் படிப்பானேன் என்று தாண்டிச் செல்லும். மூலம் பழுதின்றி இருக்கும். நகலில் சுழியங்கள் இருக்கும். அச்சுழியங்களுக்கும் முறைமை தன் வழக்கப்படி சரியான சரிபார்ப்புத் தொகையை எழுதிவிடும். பின்னர் வட்டு முழுவதையும் துருவித் துருவிச் சோதித்தாலும் ‘பிழைகள்: சுழி’ என்றே விடை வரும். பொய்யான செய்தியைப் பிழையின்றிப் படியெடுத்து முத்திரையிட்டால், முத்திரையைச் சோதிப்பவர் என்ன காண்பார்? மூலத்தோடு நகலை ஒப்பிட்டவர் மட்டுமே அப்பிழையைக் கண்டனர்.

மறுப்போர் கூறுவன

இவ்வளவு சொன்ன பிறகும், சோதனை வேண்டா என்போர் மூன்று காரணங்கள் காட்டுவர்.

முதலாவது, ‘பல படிகள் இருக்கின்றன’ என்பது. பல படிகள் ஒரே மென்பொருளின் ஆட்சியில் இருந்தால், ஒரே வழு அத்தனையையும் தீண்டும். 2011 பிப்ரவரியில், ஜிமெயில் சேமிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் இருந்த வழுவினால் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டுப் பயனர்களின் அஞ்சல்கள் மறைந்தன. கூகுள் நிறுவனம் ஒவ்வோர் அஞ்சலையும் பல தரவு நிலையங்களில் பல படிகளாக வைத்திருந்தது. ஆயினும் வழு அப்படிகளைத் தொட்டது. கடைசியில் உதவியது, கணினிகளோடு இணைப்பின்றித் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடா. பழங்காலப் பொருள் என்று பலரும் நகைக்கும் நாடா அது. மென்பொருளின் கை எட்டாத இடத்தில் இருந்தமையாலேயே தப்பியது.

2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் தன் திண்மநிலை வட்டுகள் சிலவற்றைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கை இதனினும் கூர்மையானது. அவ்வட்டுகளின் உள்மென்பொருளில் இருந்த வழுவினால், மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் இயங்கியதும் வட்டு செயலிழக்கும். அதிலுள்ள தரவையும் மீட்க இயலாது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் பூட்டிய வட்டுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் மடியும் என்றும் அந்நிறுவனமே கூறியது. ஒன்று போனால் மற்றொன்று காக்கும் என்று இணைத்து வைத்த இரண்டும் சேர்ந்தே போனால், அங்கே இருந்தது ஒரு படியே அன்றி இரண்டன்று. எத்தனை மணி நேரம் இயங்கினேன் என்பதை ஒவ்வொரு வட்டும் தன்னுள் குறித்தே வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் படித்து உரிய காலத்தில் உள்மென்பொருளை மாற்றியவர் பிழைத்தனர். எழுதி வைத்த எண்ணைப் படிக்க ஆளில்லாவிடில் எழுதி வைத்து என்ன பயன்?

இரண்டாவது காரணம், ‘அஃது தொழில்நுட்பர் வேலை’ என்பது. பதிவேடு ஒழுங்காக உள்ளதா என்பதைத் தொழில்நுட்பர் சொல்வார். பதினேழாம் பக்கத்தில் இரு பத்திகள் இல்லாதிருப்பதை அவர் எவ்வாறு அறிவார்? ஒலிப்பதிவில் பாட்டி பாடிய தாலாட்டின் இடைப்பகுதி மௌனமாகக் கிடப்பது வழுவினாலா, பாட்டி மூச்சு வாங்கியதாலா என்பதை, அப்பாட்டைக் கேட்டவரே அறிவார். பதிவேட்டைச் சோதிப்பது தொழில்நுட்பர் கடமை. நூலைச் சோதிப்பது நூலை அறிந்தவர் கடமை. இரண்டாவது கடமையை முதலாமவர் தலையில் ஏற்றுவது முறையன்று.

மூன்றாவது காரணம், ‘எல்லாவற்றையும் பார்க்க நேரம் ஏது?’ என்பது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. பல்லாயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல் எவர்க்கும் அரிது. ஆனால், மீத்தரவு இங்கேதான் துணை நிற்கிறது. பழுதுற்ற பதிப்பு எந்நாளில் நிறுவப்பட்டது, எந்நாளில் நீக்கப்பட்டது என்பதை அறிந்தால், அவ்விடைக்காலத்தில் எழுதப்பட்ட கோப்புகளே ஐயத்துக்கு உரியவை. ஆயிரத்தில் பத்தோ இருபதோ எஞ்சலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸ் போன்ற முறைமைகளில் ஒரு கோப்புக்கு உள்ளடக்கம் மாறிய நேரம் வேறு. பதிவு மாறிய நேரம் வேறு. நகலெடுக்கும்போது பழைய நேரத்தைக் காக்குமாறு பணித்திருந்தால், நேற்று எடுத்த நகலும் பத்தாண்டுக்கு முந்திய நாளையே உள்ளடக்க நேரமாகக் காட்டும். பதிவு நேரமோ முறைமை தானே இடுவது. நகலெடுக்கும் நிரலால் அதனைப் பழையதாகக் காட்ட இயலாது. எந்த நேரத்தைப் பார்த்துத் தெரிவு செய்கிறோம் என்று அறியாதவர், பழுதுபட்ட நகலையே பழுதற்றது என்று ஒதுக்கிவிடுவர்.

செய்யும் முறை

சோதனையிலும் அவசரம் கேடு தரும். முதலில், தானே இயங்கும் காப்புப்படி நிரலை நிறுத்துதல் வேண்டும். இல்லையேல் பழுதான கோப்பு இன்றிரவே நல்ல படியின்மேல் எழுதப்பட்டுவிடும். பின்னர் அவ்வட்டுப் பகுதியைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, எழுதுவதைத் தடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, வட்டுப் பகுதி முழுவதையும் கட்டத்துக்குக் கட்டம் வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும். அதன் பின்னரே சோதனைக் கருவியை, திருத்தும் அதிகாரம் அளிக்காமல், பார்த்துச் சொல்லுமாறு மட்டும் ஏவுதல் வேண்டும். அது சொன்னவற்றை வேறிடத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

திருத்து என்று உடனே ஆணையிடுவோர் ஒன்றை உணர்வதில்லை. திருத்தும் கருவியின் நோக்கம் பதிவேட்டை முரணின்றி ஆக்குவது, இழந்ததை மீட்பதன்று. முரணை நீக்க அது சில பதிவுகளை வெட்டியெறியவும் கூடும். பெயரிழந்த கோப்புகளை வெறும் எண்ணைப் பெயராக இட்டு ஒரு மூலையில் குவிக்கவும் கூடும். மூலப்படி ஒன்று எடுத்து வைக்காமல் திருத்தியவர்க்கு, திருத்தத்துக்கு முன் என்ன இருந்தது என்று பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போகும்.

இறுதியாக, ஐயத்துக்குரிய கோப்புகளைப் பழைய காப்புப்படியோடு ஒப்பிடல் வேண்டும். இதற்கு உதவும் சரிபார்ப்புத் தொகைப் பட்டியல் நல்ல நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஷா-256 என்னும் முறையில் ஒரு கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதன் அடையாளம் 64 எழுத்துகளில் அடங்கிவிடும். ஆயிரம் கோப்புகளின் பட்டியல் ஒரு சிறு குறிப்பேட்டின் அளவே ஆகும். அதனை வேறிடத்தில் வைத்திருந்தால், கெட்ட நாளில் அதுவே சாட்சியாகும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன?

கணினித் தமிழில் மென்பொருள் பிழையை வழு என்பர். வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றையும் தமிழாசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கின்றனர். பசுவை அன்பு மிகுதியால் தாய் என உயர்திணையில் கூறினால், காரணம் நோக்கி அதனை அமைதி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். வட்டில் நேரும் வழுவுக்கு அத்தகைய அமைதி கிடையாது. ஆனால், அதனைச் சோதியாமல் விடுபவர், தாம் அறியாமலேயே அதற்கு அமைதி வழங்கிவிடுகின்றனர். பிழைபட்ட படியே நாளடைவில் மூலமாகிவிடும்.

தமிழ் நூல்களின் வரலாறு படியெடுத்தலின் வரலாறே ஆகும். பனையோலை செல்லரித்துப் போகும். ஆதலால் தலைமுறைதோறும் புதிய ஓலையில் படியெடுத்தனர். படியெடுத்த கை தவறும் என்பதை அறிந்தே ஒப்புநோக்கினர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டே பாடத்தைத் தெளிந்தார். ஒரே ஏட்டை நம்பி அச்சிட்டிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். நூல் செம்மையாக வந்திராது.

இன்று அவ்வோலையின் இடத்தை வட்டு பெற்றுள்ளது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கி வருகிறது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் பெருமுயற்சி, தேசிய நூலக வாரியத்தின் துணையோடு 2015இல் கைகூடியது. இத்தகைய பெரிய நிலையங்களுக்கு ஆளும் கருவியும் உண்டு. கவலைக்குரியவை சிறிய இடங்களே. ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர்கள், ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், தோட்டப்புறத்து முதியவர் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவு ஆகியவை எவரோ ஒருவருடைய மேசையறையில் ஒரே வட்டில் கிடக்கலாம். அம்முதியவர் மறைந்த பின் மூலம் என்று ஒப்பிட வேறு எதுவும் இராது.

தமிழ் எழுத்துக்கென ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; சரிபார்ப்புத் தொகைக்கு இரண்டும் வேறு. ஆகவே தொகை ஒவ்வாவிடில் உடனே கோப்பு கெட்டது என்று கூச்சலிடுவதும் தவறு. தொகையின் வேறுபாடு விசாரணைக்கு அழைப்பு, தீர்ப்பு அன்று. தீர்ப்பு கூற, எழுத்தை அறிந்த ஒருவர் இரு படிகளையும் அருகருகே வைத்துப் படித்தாக வேண்டும். அப்பணிக்குத் தமிழாசிரியரினும் தமிழ் மாணவரினும் தகுந்தவர் யாவர்?

மென்பொருள் செய்தவர் தம் கடமையைச் செய்து திருத்தம் வெளியிட்டனர். வட்டில் இருப்பது அவர்களுடைய நூல் அன்று. பள்ளியோ சங்கமோ, தன்னிடமுள்ள வட்டுகள் எவை, அவற்றில் உள்ளவை எவை, அவற்றின் சரிபார்ப்புத் தொகை யாது, இணைப்பின்றித் தனியே வைத்த படி எங்கே உள்ளது என்னும் நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். ஆண்டுக்கொரு முறை இரு மாணவர் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க, சில கோப்புகளையேனும் ஒப்புநோக்கட்டும். வழுவைப் பற்றிய செய்தி வரும் நாளில், ‘திருத்தம் வந்துவிட்டதா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘திருத்தம் வருவதற்கு முன் இவ்வட்டில் என்னென்ன எழுதப்பட்டன?’ என்றும் கேட்கட்டும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேளாத இடத்தில், நூல் காக்கப்பட்டது என்று எவரும் சொல்ல உரிமையில்லை.